சங்கீதம் 119-ஐ 22 நாட்களில் ருசித்து வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"வேதம் வாசிக்கிறேன், ஆனால் அதில் இன்பம் எதுவும் தெரியவில்லை" என்று வீட்டுக்கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், சுற்றியிருக்கும் மூன்று பேர் தலையசைப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜனவரி முதல் தேதியில் ஆதியாகமத்தைத் தொடங்கியவர்கள். நம் சபைகளில் புழங்கும் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஒரே வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல் வாசித்தாக வேண்டும். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் கழிந்து, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் நுழையும்போது பலர் நின்றுவிடுகிறார்கள்.

லேவியராகமத்தில் குறை இல்லை. வாசிக்கும் வேகத்துக்கும் ருசிக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதற்கு நான் பயன்படுத்துவது சங்கீதம் 119. வேத வசனத்தில் மகிழ்வதைப் பற்றியே பாடப்பட்ட நீண்ட ஜெபம் அது. அதை எப்படி வாசிப்பது என்பதையும் அதுவே காட்டித் தருகிறது. கீழேயுள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த தடுமாற்றங்களில் பாதி, ஆறாம் படியை முதலாம் படியாக வைத்துக்கொண்டதால் வந்தவை.

1. தொடங்குமுன் வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று வேண்டும். கைப்பேசியில் வாசிப்பது பாவமல்ல. ஆனால் எட்டு வசனங்களை முடிப்பதற்குள் இரண்டு செய்திகள் வந்து விழும் கருவியில் நிதானம் பழக முடியாது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தால், அது அதிர்கிறதா என்று காது பார்த்துக்கொண்டே இருக்கும்.

பழைய திருப்புதல் என்னும் தமிழ் மொழிபெயர்ப்பையே முதன்மையாகக் கொள்ளுங்கள் என்பது என் யோசனை. சபையில் காதில் விழுந்து பழகிய நடை அது என்பதால் சொற்கள் எளிதில் நினைவில் தங்கும். பொருள் புரியாத இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, திருவிவிலியம் போன்ற இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்றும் அருகில் இருக்கட்டும். லத்தீன் எண்முறையைப் பின்பற்றும் பழைய கத்தோலிக்க வெளியீடு வீட்டில் இருந்தால், இதே சங்கீதம் அதில் 118 என்று எண்ணிடப்பட்டிருக்கும்.

மெல்லிய நோட்டுப்புத்தகம் ஒன்றும் பென்சிலும் போதும். வண்ண வண்ணப் பேனாக்கள் வேண்டாம்; அடிக்கோடிடும் கை வேகமாக ஓடும்போது கண் நின்று பார்ப்பதில்லை.

நேரம் இருபது நிமிடங்கள். காலையா இரவா என்பதைவிட, தினமும் அதே நேரம், அதே நாற்காலி என்பதே முக்கியம். இடம் பழகிவிட்டால் மனம் அமர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த இருபது நிமிடங்களை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்காமல் எடுத்துக்கொண்டால் மூன்றாம் நாளே சண்டை வரும்.

2. பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுதல்

சங்கீதம் 119-இல் 176 வசனங்கள் உள்ளன. அவை எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கு ஏற்ப, எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகளாய் அமைந்துள்ளன. ஆத்திசூடி அகர வரிசையில் போவதுபோல, எபிரெயத்தில் ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். அடுத்த பகுதி அடுத்த எழுத்தில். தமிழில் அந்த எழுத்தொழுங்கு தெரியாது; பகுதிப் பிரிவை மட்டும் நாம் காப்பாற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் 1 முதல் 8 வரை, இரண்டாம் நாள் 9 முதல் 16 வரை என்று பென்சிலால் ஓரத்தில் நாள் எண்களை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். எங்கே நிற்பது என்று தினமும் யோசிக்க நேர்ந்தால், மனம் உற்சாகமாக இருக்கும் நாளில் மூன்று பகுதிகளை வாசித்துவிட்டு, சோர்ந்த நாளில் ஒன்றையும் வாசிக்காமல் போவீர்கள்.

எட்டு வசனங்களை வாய்விட்டு வாசிக்க ஏறக்குறைய ஒரு நிமிடந்தான் ஆகும். "இவ்வளவுதானா?" என்று புதியவர்கள் கேட்பார்கள். பதினைந்து நிமிடம் மென்று தின்பதற்கு ஒரு நிமிட உணவு போதுமானது என்பது நாலைந்து நாட்களில் தெரிந்துவிடும்.

3. பொருள் மாறிவிட்ட சொற்களைச் சரிசெய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பின்னால் தடுக்கி விழுவதும் அவர்களே. பழைய திருப்புதலின் சில சொற்கள் இன்றைய பேச்சில் வேறு பொருள் ஏற்றுவிட்டன. 19-ஆம் வசனம், "பூமியிலே நான் பரதேசி, உமது கற்பனைகளை எனக்கு மறையாதேயும்" என்கிறது. இந்த ஒரே வசனத்தில் இரண்டு கண்ணிகள் உள்ளன. பரதேசி என்றால் இன்று வசைச்சொல். இங்கேயோ, சொந்த நிலமின்றி வேற்றூரில் தங்கியிருப்பவன். கற்பனை என்றால் இன்று மனத்தில் தோன்றும் புனைவு; இங்கே கடவுள் கற்பித்த கட்டளை. ஊர் தெரியாதவன் வழி கேட்கிறான் என்பதே வசனத்தின் நெஞ்சு. இவ்விரு சொற்களும் தவறாக விளங்கினால் அந்த ஏக்கம் முழுவதும் கைநழுவிப் போகும்.

83-ஆம் வசனத்தில் "புகையிலுள்ள துருத்தி" என்று வருகிறது. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா, அவருடைய தகப்பனார் பட்டறை வைத்திருந்தவர் என்பதால், காற்று ஊதும் துருத்தியை நினைத்துக்கொண்டு நெருப்பு, உற்சாகம், எழுப்புதல் என்று அழகாகவே பேசினார். இங்கே துருத்தி என்பது திராட்சரசம் ஊற்றி வைக்கும் தோற்பை; பழந்துருத்திகளில் புது ரசத்தை ஊற்றுவதில்லை என்று மத்தேயு 9-இல் வருமே, அதே சொல். புகையில் தொங்கும் தோற்பை காய்ந்து, கறுத்து, சுருங்கிப்போகும். சங்கீதக்காரன் தன்னைச் சொல்வது அப்படித்தான். பொருள் சரியானதும் அந்த அக்கா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது என்னைப் பற்றியது" என்றார்.

வேதத்தைக் குறிக்க இச்சங்கீதம் எட்டு எபிரெயச் சொற்களை மாற்றி மாற்றி ஆள்கிறது. தமிழில் அவை வேதம், சாட்சிகள், கட்டளைகள், பிரமாணங்கள், கற்பனைகள், நியாயங்கள் என்று வருகின்றன. மீதி இரண்டும் வசனம், வார்த்தை, வாக்கு என்று இடத்துக்கேற்ப மாறுகின்றன. 'நியாயங்கள்' என்பது காரணங்கள் அல்ல, கடவுளின் தீர்ப்புகள். 'வேதம்' என்று இங்கே வருவதன் மூலச்சொல்லான தோரா, போதித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. திருவிவிலியம் அதைத் திருச்சட்டம் என்று மொழிபெயர்க்கிறது. இந்தச் சொற்களை நோட்டின் முதல் பக்கத்தில் பொருளோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரே ஒரு விண்ணப்பம்

உட்கார்ந்தவுடன் வாசிக்கத் தொடங்காமல், 18-ஆம் வசனத்தைச் சொல்லுங்கள்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." 22 நாட்களும் இதே விண்ணப்பம், நீட்டவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

காரணம் இதுதான். வேதத்தில் இன்பம் காண்பது உங்கள் திறமையைச் சார்ந்ததென்றால், இந்த வழிகாட்டியைப் பின்பற்றுகிற எவருக்கும் அது கிடைத்தாக வேண்டும். அப்படி நடப்பதில்லை. அதிசயங்கள் வேதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்றும், திறக்கப்பட வேண்டியவை தன் கண்கள் என்றும் சங்கீதக்காரன் அறிந்திருக்கிறான். நாம் செய்யக்கூடியது, திறக்கிறவர் முன் வந்து அமர்வது.

இங்கே நடக்கும் தவறு, இந்த விண்ணப்பத்தை அரைமணி நேர ஜெபமாக வளர்ப்பது. வீட்டுக் கடன், பிள்ளையின் தேர்வு, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் உள்ளே வந்துவிட்டால், வேதத்தைத் திறக்கும்போது மனம் ஏற்கெனவே களைத்திருக்கும். அவற்றுக்கு ஏழாம் படியில் இடமுண்டு.

5. வாயால் வாசித்தல், இரண்டு முறை

சங்கீதம் 1:2-இல், கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து இரவும் பகலும் தியானிக்கிறவன் பாக்கியவான் என்று வருகிறது. தியானம் என்றதும் நமக்குக் கண்ணை மூடி அசையாமல் இருப்பது நினைவுக்கு வரும். அங்குள்ள எபிரெய வினைச்சொல்லுக்கு முணுமுணுத்தல் என்பது பொருள். ஏசாயா 31:4-இல் இரையின்மேல் சிங்கம் உறுமுவதற்கும், ஏசாயா 38:14-இல் புறா முனகுவதற்கும் அதே சொல்தான். எனவே வாயும் தொண்டையும் வேலை செய்தாக வேண்டும்.

முதல் முறை, பேசும் குரலில், நிற்காமல் எட்டு வசனங்களையும் வாசியுங்கள். பிரசங்க ராகமும் ஜெப ராகமும் வேண்டாம். ராகம் வந்தவுடன் காது பொருளை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை, அரைப்புள்ளி வரும் இடங்களிலெல்லாம் மூச்சு விட்டு நின்று வாசியுங்கள். எபிரெயக் கவிதையின் ஒரு வரி பெரும்பாலும் இரண்டு பாதிகளாக இருக்கும். முதற்பாதி ஒன்றைச் சொல்ல, இரண்டாம் பாதி அதை மீண்டும் சொல்லும், அல்லது மறுத்துச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். பழைய திருப்புதலில் அந்தச் சந்திப்பு பல இடங்களில் அரைப்புள்ளியாகத் தெரியும். நின்று வாசிக்கிறவருக்கு இரண்டு பாதிகளும் தனித்தனியே கேட்கும்.

இரண்டாம் வாசிப்பில் ஏதாவது ஒரு சொல்லில் நாக்கு தடுமாறினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் வழுக்கிப் போகிற இடத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும். பல நாட்களில் அன்றைய வசனம் அங்கேதான் இருக்கும்.

6. ஒரு வசனத்தில் நிற்றல்

எட்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஏழெட்டு நிமிடம் அதனுடனேயே இருப்பது இந்தப் படி. 'எனக்குப் பிடித்த வசனம்' என்று தேடாதீர்கள். தேடினால் 22 நாட்களும் ஆறுதல் வசனங்களே கிடைக்கும். நாக்கு தடுமாறியது, புரியாதது, அல்லது எரிச்சலூட்டியது எதுவோ அதை எடுங்கள்.

எடுத்த வசனத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். பேசுகிறவன் இந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறான்? நான் எதிர்பார்க்காத சொல் எது? முன்னும் பின்னும் உள்ள ஏழு வசனங்களில் இதற்குத் துணையோ எதிரோ எங்கே இருக்கிறது?

நான்காம் நாளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 25 முதல் 32 வரை. தொடக்கமே, "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்பது. நிலை தெளிவு: விழுந்து கிடக்கிறான். எதிர்பாராத சொல் 'ஒட்டிக்கொண்டிருக்கிறது'. விழுந்தவன் எழலாம், ஒட்டியவன் எப்படி எழுவான்? இப்போது பகுதிக்குள் தேடினால் 31-ஆம் வசனத்தில், "உமது சாட்சிகள்மேல் பற்றுதலாயிருக்கிறேன்" என்று இருக்கிறது. தமிழில் ஒட்டிக்கொள்ளுதல், பற்றுதல் என்று இரண்டாகத் தெரியும் இவை எபிரெயத்தில் ஒரே வினைச்சொல். ஆதியாகமம் 2:24-இல் புருஷன் மனைவியோடு இசைந்திருப்பான் என்பதற்கும் அதே சொல். ஆக, ஒரே மனிதன், ஒரே ஜெபத்தில், மண்ணோடும் ஒட்டியிருக்கிறான், கர்த்தருடைய சாட்சிகளோடும் ஒட்டியிருக்கிறான். மண்ணை உதறிவிட்டு வந்து வேதத்தைப் பற்றிக்கொண்டதாக அவன் சொல்லவில்லை. 32-ஆம் வசனத்தில் கர்த்தர் தன் இருதயத்தை விசாலமாக்கும்போது ஓடுவேன் என்கிறான். ஓடுகிறேன் என்று சொல்லவில்லை. ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை.

எபிரெயம் தெரியாமல் இதைக் காண முடியுமா என்று கேட்பீர்கள். மூலச்சொல் ஒன்றென்பதை நல்ல விளக்கவுரை சொல்லும். ஆனால் முதல் வசனத்தில் மண்ணும் கடைசி வசனத்தில் ஓட்டமும் இருப்பதைக் காண, நின்று பார்க்கும் பொறுமை போதும். விளக்கவுரையைத் திறப்பதானால் உங்கள் ஏழு நிமிடம் முடிந்த பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால், வேறொருவர் மென்று வைத்ததை விழுங்குவீர்கள். வயிறு நிறையும், ருசி தெரியாது.

இந்தப் படியில் அடிக்கடி காணும் இன்னொரு தவறு, வசனத்தைக் கண்டவுடன் யாருக்காவது சொல்ல நினைப்பது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் சாட்சி சொல்லப் பழகியவர்களும், நான் உட்பட, இதில் விழுவோம். இரண்டாம் நிமிடத்திலேயே மனம் மூன்று குறிப்புகள் கொண்ட செய்தியைத் தயாரிக்கத் தொடங்கும், கேட்பவர்களின் முகங்கள் தெரியும், வசனம் மறையும். வாட்ஸப் நிலைத்தகவலில் வசனத்தைப் போடும் பழக்கமும் இதே வகைதான். 22 நாட்களுக்கு மட்டும், கண்டதை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்து பாருங்கள்.

7. வசனத்தையே ஜெபமாக்குதல்

முதல் மூன்று வசனங்களையும், பொல்லாதவர்களை அகன்றுபோகச் சொல்லும் 115-ஆம் வசனத்தையும் தவிர, இந்தச் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும் கடவுளை நோக்கியே பேசுகிறது. 'உமது', 'நீர்', 'என்னை' என்பவை வரிக்கு வரி வருகின்றன. ஆகவே வாசிப்பிலிருந்து ஜெபத்துக்குத் தாண்ட வேண்டிய இடைவெளி மிகச் சிறியது. புதியவர்களுக்கு இந்தச் சங்கீதத்தைக் கொடுப்பதற்கு இதுவே முதற்காரணம்.

செய்முறை எளிது. நீங்கள் நின்ற வசனத்தை, உங்கள் நிலைமையின் ஒரு சொல்லைச் சேர்த்து, அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். "கர்த்தாவே, நான் இந்த வேலையில், இந்தக் கோபத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்; உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்." நான்காம் படியில் ஒதுக்கி வைத்த கடனும் தேர்வும் முழங்கால் வலியும் இப்போது உள்ளே வரலாம். அவை வசனத்தின் சொற்களை உடுத்திக்கொண்டு வரும்போது, வழக்கமான பட்டியலாக இருப்பதில்லை.

ஐந்தாம் நாளின் பகுதி, 33 முதல் 40 வரை, கற்றுத்தாரும், உணர்வைத் தாரும், நடத்தும், கண்களை விலக்கும் என்று கேட்டுக்கொண்டே போகிறது. அன்று வசனத்தைத் தேர்வு செய்யவே வேண்டாம். எட்டையும் ஒவ்வொன்றாய்க் கேட்டுவிடுங்கள். இதற்கு மாறாக, பதின்மூன்றாம் நாளின் 97 முதல் 104 வரையில் விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்" என்று தொடங்கி, தேனிலும் மதுரம் என்று சொல்லிக்கொண்டே போகிறவன், எட்டு வசனங்களுக்குக் கேட்பதையே மறந்துபோகிறான். அன்று நீங்களும் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோகலாம்.

8. ஒரு வரி எழுதுதல், ஒரு சொல்லை எடுத்துச் செல்லுதல்

முடிக்கும்போது நோட்டில் தேதி, வசன எண், ஒரு வரி மட்டும் எழுதுங்கள். "நாள் 4. வசனம் 25, 31. ஒட்டியவன் ஒட்டியபடியே ஜெபிக்கிறான்." இதற்குமேல் எழுதினால் நோட்டு பெருகும், பத்தாம் நாளில் எழுதுவதற்குப் பயந்தே வாசிப்பை விடுவீர்கள்.

பிறகு அந்த வசனத்திலிருந்து இரண்டு மூன்று சொற்களை மட்டும் அன்றைய நாளுக்குள் கொண்டு செல்லுங்கள். முழு வசனத்தையும் மனனம் செய்யப் பணித்தால் அது தேர்வாகிவிடும். பேருந்துக்கு நிற்கும்போதும், அரிசி களையும்போதும், கணினி திறக்கக் காத்திருக்கும்போதும் அந்த இரண்டு சொல்லை முணுமுணுங்கள். "நாள் முழுதும் அது என் தியானம்" என்று 97-ஆம் வசனத்தில் சொல்வது, நாள் முழுதும் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான் என்பதாக இருக்க முடியாது. காலையில் இருபது நிமிடத்தில் தெரியாத ருசி மத்தியானம் மூன்று மணிக்குத் தெரிவது உண்டு. எனக்குப் பெரும்பாலும் அப்படித்தான்.

இரவில் நோட்டைத் திறந்து, அந்தச் சொல் அன்று எங்கே வந்து மோதியது என்பதை இரண்டாவது வரியாக எழுதலாம். ஒன்றும் மோதவில்லை என்றால் ஒன்றும் எழுத வேண்டாம்.

9. ஒன்றும் தோன்றாத நாட்கள்

மேலேயுள்ளதை எல்லாம் ஒழுங்காகச் செய்தும், ஆறாம் நாளோ ஒன்பதாம் நாளோ வசனம் வெறும் காகிதமாகத் தெரியும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இன்பம் என்று இந்தச் சங்கீதம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். 24, 77, 92, 143, 174 ஆகிய வசனங்களில் இன்பம், மனமகிழ்ச்சி என்று வருவது ஒரே எபிரெயச் சொல். அதன் வேர், ஏசாயா 11:8-இல் பால்குடிக்கும் குழந்தை விளையாடுவதற்கும், 66:12-இல் பிள்ளையை முழங்காலில் வைத்துத் தாலாட்டுவதற்கும் பயன்படுகிறது. குழந்தைத்தனமான, கவலையற்ற மகிழ்ச்சியைச் சொல்லும் சொல் அது. அந்தச் சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே வியப்பு. 24-க்கு முந்தின வசனத்தில் பிரபுக்கள் உட்கார்ந்து அவனுக்கு விரோதமாய்ப் பேசுகிறார்கள். 92-ஆம் வசனம், வேதம் மனமகிழ்ச்சியாய் இராதிருந்தால் என் துக்கத்திலே அழிந்துபோயிருப்பேன் என்கிறது. 143-இல் இக்கட்டும் நெருக்கமும் அவனைப் பிடித்திருக்கின்றன. ஆக, துக்கம் தீர்ந்த பிறகு வரும் மகிழ்ச்சியைப் பற்றி அவன் பேசவே இல்லை. புகையிலுள்ள துருத்தி பதினோராம் நாளில் வருகிறது. நாவுக்குத் தேன் பதின்மூன்றாம் நாளில் வருகிறது. நடுவில் ஒரே ஒரு பகுதிதான்.

எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் உண்ட சுருளையும் நினைத்துக்கொள்ளலாம். அதில் எழுதியிருந்தவை புலம்பல்களும் தவிப்பும் ஐயோ என்பதும். ஆனாலும் வாயில் அது தேனைப்போல் தித்திப்பாயிருந்தது. எனவே கண்ணீர் வந்த நாளை இன்பமில்லாத நாள் என்று கணக்கெழுதிவிடாதீர்கள். பதினேழாம் நாளின் பகுதியில், கற்பனைகளுக்கு ஏங்கி வாயைத் திறக்கிறவனும், மனிதர் வேதத்தைக் காத்து நடவாததால் அழுகிறவனும் ஒருவனே.

இனி, நடைமுறை. வசனம் காகிதமாகத் தெரியும் நாளில் பகுதியைக் குறைக்கலாம், விடக்கூடாது. எட்டுக்குப் பதில் ஒரு வசனத்தை மூன்று முறை வாய்விட்டு வாசித்து, 18-ஆம் வசனத்தைச் சொல்லி எழுந்துவிடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டாதீர்கள். ஈடுகட்டத் தொடங்கினால் வாசிப்பு கடனாகிவிடும். ஒரு நாள் முற்றிலும் தவறிப்போனால், விட்ட பகுதியிலிருந்தே தொடருங்கள். 22 நாள் 25 நாளாவதால் நட்டம் ஒன்றுமில்லை.

வறட்சிக்குக் காரணங்களும் பல. தூக்கம் போதாத உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். நேரத்தை மாற்றிப் பாருங்கள். யாரிடமோ பேசித் தீர்க்க வேண்டிய காரியம் ஒன்று நினைவில் திரும்பத் திரும்ப வந்து நின்றால், அதைத் தீர்க்கும்வரை எந்தப் பகுதியை வாசித்தாலும் அதுவே குறுக்கே நிற்கும். போய்ப் பேசிவிட்டு வாருங்கள். வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதிலும் நாட்டமில்லை என்றால், அது வாசிப்பு முறையின் கோளாறு அல்ல. போதகரிடம் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். 'இன்னும் அதிகம் வாசி' என்று அப்படிப்பட்டவரிடம் சொல்வது கொடுமை. அதை நாங்களே ஒருமுறை செய்துவிட்டு வருந்தியிருக்கிறோம்.

வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பதுபோல, நல்ல வசனம் வரும்வரை பக்கங்களைப் புரட்டுவதும் வறண்ட நாளின் சோதனையே. கிடைக்கும் வசனம் அந்த நேரத்துக்கு இனிக்கும். ஆனால் அது யார் யாரிடம் எப்போது சொன்னது என்பது தெரியாததால் மறுநாள் கையில் நிற்காது.

10. இருபத்திரண்டாம் நாள்

கடைசிப் பகுதியை வெற்றிவிழாவாக எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு 176-ஆம் வசனம் ஏமாற்றமாக இருக்கும். இத்தனை நாள் வேதத்தில் மகிழ்ந்தவன், "காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக" என்று முடிக்கிறான். அன்று நோட்டின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டு வாசியுங்கள். எந்தெந்த நாளில் ஒன்றும் தோன்றவில்லை என்று நினைத்தீர்களோ, அந்த நாட்களின் வரிகளில் சில இப்போது பேசும். பிறகு 176-ஐ உங்கள் சொந்த விண்ணப்பமாகச் சொல்லி மூடுங்கள்.

11. அடுத்து எங்கே போவது

கைக்குள் அடங்கும் புத்தகத்துக்குப் போங்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் நான்கு அதிகாரங்கள், ரூத் நான்கு அதிகாரங்கள், மாற்கு பதினாறு. நிருபத்தில் நாளுக்கு ஏழெட்டு வசனங்கள் சரியான அளவு. கதையிலோ ஒரு காட்சி முழுவதையும் வாசிக்க வேண்டும். கதையை எட்டு வசனங்களில் வெட்டினால் ருசி செத்துவிடும். மற்றப் படிகள் எல்லாம் அப்படியே. ஜெபப் படியில் மட்டும், வசனம் கடவுளை நோக்கிப் பேசாத இடங்களில், 'நீர்' என்று திருப்பிப் பேசும் வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

ரூத்துக்குப் போவதானால், அதற்கு முன் ஒரு நாளை லேவியராகமம் 19-க்குக் கொடுங்கள். ஜனவரியில் நின்றுபோன அதே புத்தகம்தான். அங்கே 9, 10 வசனங்களில், வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமலும், சிந்தின கதிர்களைப் பொறுக்காமலும், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, ஒரு நாள் முழுதும் முணுமுணுத்துவிட்டு, மறுநாள் ரூத் 2-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். மோவாபிலிருந்து வந்த ஒரு பரதேசிப் பெண், அறுக்கிறவர்களுக்குப் பின்னால், அந்த ஓரத்தில் குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.